பன்னிரண்டே முக்காலுக்கு அணையும் தீ

வீட்டைச் சூடாக்கும் கணப்பு ஒரு வாரமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை அணைந்தது. மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு முறை, மாலை ஏழே முக்காலுக்கு ஒரு முறை. ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் பிசகாது. மற்ற நேரமெல்லாம் அது சமர்த்தாக எரிந்தது.

மணி பார்த்து அணைகிறதென்றால் அதன் கடிகாரத்தில்தான் கோளாறு என்று ரெமிஜியோ முதலில் முடிவு கட்டினான். எந்த நாளில் எந்த மணிக்கு எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அந்தக் கணப்பில் வாரம் முழுவதற்கும் பதிந்து வைக்கலாம். திறந்து பார்த்தான். ஒன்றும் பதியப்படவில்லை. அப்படியும் சந்தேகம் தீராமல் கடிகாரத்தையே மூன்று மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தான். செவ்வாய்க்கிழமை மதியம், கணப்பின் கடிகாரம் மூன்றே முக்கால் என்று காட்டிக்கொண்டிருக்க, சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்காலைத் தொட்டபோது தீ அணைந்தது. ‘பீப்’ என்ற சத்தத்துடன் சிவப்பு எழுத்துகள் ஓடின: சுடர் இல்லை.

"மறுபடியுமா?" என்று சமையல் மேடையிலிருந்து ஓர்னெல்லா கேட்டாள். அவனைவிடப் பதினேழு வயது மூத்த அக்கா. அவன் மனைவி இலெனியா மருத்துவமனையில் இருந்ததால், மதியமும் இரவும் வந்து தம்பிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "வருஷத்துல எட்டு மாசம் ஜெர்மனியில ஐஸ்கிரீம் கிண்டுற. உன் கை பட்டா நெருப்பும் உறைஞ்சுதான்டா போகும்."

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் மெஷின்தான் சும்மா இல்ல."

அவன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மகள் லிவியா வீட்டுக்கு வர வேண்டும்.

லிவியா ஏழு வாரம் முந்திப் பிறந்தவள். பிறந்தபோது ஒரு கிலோ அறுநூறு கிராம். ஐந்து வாரமாகக் கீழே நகர மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியிலும் அதன் பிறகு தொட்டிலிலுமாக வளர்ந்து, இப்போது இரண்டு கிலோ நூறு. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இன்னும் முழுதாகப் பழகவில்லை. தலைமை நர்ஸ் புரூனா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: வீடு இருபத்தொன்று, இருபத்திரண்டு டிகிரியில் நிற்க வேண்டும். ஏறி இறங்கக்கூடாது. இருபதுக்குக் கீழே போகவே கூடாது. வியாழன் நண்பகலிலிருந்து வெள்ளி நண்பகல் வரை வீட்டின் வெப்பத்தைப் பதிந்து காட்டினால், அன்று மாலையே அனுப்பி வைப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். அவர்கள் வீடு இருக்கும் மலைமேல் சோல்தோ பள்ளத்தாக்கில் ஜனவரி மாதம் என்றால் என்னவென்று புரூனாவுக்குத் தெரியும். அவளும் மேலே பிறந்து வளர்ந்தவள்தான்.

கணப்பு ஒரு முறை அணைந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். முதலில் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும், கதவே திறக்காது. பிறகு தீ எரியும் கிண்ணத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி பற்றவைத்தால் தீ நிலைக்கப் பத்து நிமிடம், அறை சூடேற மீதி நேரம். வெளியே பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. அந்த ஒரு மணி நேரத்தில் வீடு பதினேழுக்கு இறங்கிவிடும்.

ரெமிஜியோ செவ்வாய் மதியம் கிண்ணத்தைச் சுரண்டியபோது, அடியில் பாதி கருகிய மரத்தூள் பெல்லட் குச்சிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அதை அவன் பார்த்தான், ஆனால் அது சொன்னதைக் கேட்கவில்லை. தீ வலுவில்லாமல் அணைகிறது, ஆகவே அதற்கு இரை போதவில்லை என்று நினைத்தான். கணப்பின் உள்பட்டியலில் குச்சி விழும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் எண் இருக்கிறது. தயாரித்தவர்கள் அதைப் பூஜ்யத்தில் வைத்து அனுப்புவார்கள். அவன் அதைக் கூட்டல் மூன்றுக்கு ஏற்றினான். வலுவின் ஐந்து படிகளில் மூன்றாவதில் இருந்ததை நான்குக்குத் தள்ளினான்.

அன்று மாலை ஏழரைக்கே தீ அணைந்துவிட்டது. இந்த முறை கண்ணாடி கன்னங்கரேலென்று புகை பூசியிருந்தது. அறையில் லேசாகப் புகை வாடை. ரெமிஜியோ ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுக் கோட்டு போடாமல் வாசலில் போய் நின்றான். குளிரில் பற்கள் தந்தியடித்தன. அவன் நினைப்பு வேறு எங்கோ இருந்தது. அந்த வாடை வந்தபோது உள்ளறைத் தொட்டிலில் லிவியா படுத்திருந்தால்? இத்தனை நாள் குளிரைப் பற்றி மட்டும்தான் பயந்திருந்தான். இப்போது கணப்பைப் பார்க்கவே பயம் வந்தது.

புதன்கிழமை காலை தூலியோவுக்குப் போன் போட்டான். தூலியோ அவனோடு பள்ளியில் படித்தவன், பள்ளத்தாக்கு முழுவதற்கும் கணப்பு பழுதுபார்ப்பவன். ஜனவரியில் அவனைப் பிடிப்பதைவிடப் பனிச்சறுக்கில் கீழே போகும் ஆளைப் பிடிப்பது சுலபம்.

"திங்கக்கெழமைக்கு முன்னாடி வரவே முடியாதுடா. இப்பவே ஒரு வீட்டுக் கூரை மேல நிக்கிறேன்."

"வெள்ளிக்கெழம கொழந்த வருதுடா."

"சரி, சொல்லு. தீ என்ன நிறம்?"

"நிறமா? தீ நிறம்."

"டேய், ஐஸ்கிரீம்காரா. நல்ல தீன்னா வெளிர் மஞ்சளா, குட்டையா, துள்ளிக்கிட்டே இருக்கும். மூச்சு முட்டுற தீன்னா கருஞ்சிவப்பா, நீளமா, தூங்கி வழிஞ்சிக்கிட்டு ஆடும். நுனியில புகை தெரியும். உன்னுது எது?"

"ரெண்டாவதுதான். ஆனா அணையறதுக்கு முன்னாடி மட்டும். மத்த நேரம் துள்ளுது."

"நீ என்ன பண்ணின?"

"குச்சியக் கூட்டினேன்."

"அட அறிவே! மூச்சு முட்டுறவன் வாயில சோத்தத் திணிச்சியா? கொறைடா. கொறைச்சிட்டுக் காத்தப் பாரு, காத்து…" அங்கே யாரோ அவனைக் கத்திக் கூப்பிட்டார்கள். போன் அறுந்தது.

ரெமிஜியோ கணப்பின் முன் குந்தி உட்கார்ந்து, அது எப்படி மூச்சு விடுகிறது என்று முதல் முறையாக யோசித்தான். மரத்தூளை இறுக்கிச் செய்த பென்சில் தடிமன் குச்சிதான் பெல்லட். மேலே தொட்டியில் ஒரு மூட்டையைக் கொட்டினால், அடியில் ஒரு திருகுத்தண்டு விட்டுவிட்டுத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சிகளை இரும்புக் கிண்ணத்தில் விழவைக்கும். கிண்ணத்தின் அடியில் ஓட்டைகள். புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன விசிறி புகையை வெளியே தள்ளும். போன புகையின் இடத்தை நிரப்ப, வீட்டுக் காற்று அந்த ஓட்டைகள் வழியாகச் சீறிக்கொண்டு மேலே வரும். அந்தச் சீற்றம்தான் தீயைத் துள்ள வைக்கிறது. காற்று குறைந்தால் குச்சி முழுதாக எரியாமல் குவியும், புகை ஆறிப்போகும். புகையின் சூட்டை அளக்கும் முள் ஒன்று உள்ளே இருக்கிறது. அது, ‘தீ செத்துவிட்டது’ என்று எண்ணி எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

அப்படியானால் வீட்டுக்குள் காற்று எப்படி வருகிறது? கணப்புக்கென்று சுவரில் தரையை ஒட்டி ஒரு துளை போட்டிருப்பார்கள். வெளிப்பக்கம் கம்பிவலை. பனி மூடியிருக்கலாம் என்று தோன்றியதும் அவன் மண்வெட்டியோடு வீட்டைச் சுற்றி ஓடினான். வலை சுத்தமாக இருந்தது. ஒரு துளி பனி இல்லை. வந்த உற்சாகம் அங்கேயே வடிந்தது.

குச்சி அளவை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். அன்றும் பன்னிரண்டே முக்காலுக்கு அணைந்தது.

புதன் மாலை மருத்துவமனையில் இலெனியா அவன் முகத்தைப் பார்த்ததும், "இன்னும் சரியாகலையா?" என்று கேட்டாள். ஐந்து வாரமாகத் தாய்மார் அறையின் மடக்குக் கட்டிலில் தூங்கியவள். கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

"ஆயிடும்."

"ரெமி, ஆயிடும்னு நீ சொல்றப்பதான் எனக்குப் பயமே வருது. கடைசியா ஆயிடும்னு சொன்னது காருக்கு. எஞ்சின மாத்தினோம்."

லிவியா அவன் மார்பில் சட்டைக்குள் கிடந்தாள். ஒரு பூனைக்குட்டியின் கனம். அந்தச் சின்ன முதுகின் மேல் கையை வைத்தபடி, அவன் பன்னிரண்டே முக்கால், ஏழே முக்கால் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

புரூனா வந்து எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு மத்தியானத்துலேர்ந்து பதிவு ஆரம்பிக்கணும், ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சிஸ்டர். ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள வைக்கிற பதிவுக் கருவி என்கிட்ட இருக்கு. போன்ல கோடு போட்டுக் காட்டும்."

"எனக்குக் கோடு நேரா வேணும், ரெமிஜியோ. உங்க ஊர் ரோடு மாதிரி வேண்டாம்."

வியாழன் மதியம் ஓர்னெல்லா வரவில்லை. அவள் கணவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தாள். ரெமிஜியோ சமையல் அடுப்பை மூட்டவில்லை. நின்றபடியே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு கணப்பைப் பார்த்தான். பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். வாயிலிருந்ததை மென்று விழுங்க மறந்தான். ஒரு மணி. தீ துள்ளிக்கொண்டே இருந்தது. ஒன்றரைக்கும் துள்ளியது. போனில் கோடு இருபத்தொன்றரையில் கயிறு கட்டியதுபோல நேராகப் போனது.

அவனுக்கு நிம்மதி வரவில்லை. காரணம் தெரியாமல் கெட்டது, காரணம் தெரியாமலே சரியாயிற்று. அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி கெடும். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். இன்றைக்கு என்ன வித்தியாசம்? அதே குச்சி, அதே குளிர், அதே எண்கள். அக்கா வரவில்லை, அது ஒன்றுதான்.

மாலை ஆறே முக்காலுக்கு ஓர்னெல்லா பையோடு வந்தாள். பாஸ்தின் கொண்டுவந்திருந்தாள். பூண்டும் மிளகும் போட்டுப் பிசைந்த கொத்துக்கறி. தட்டையாகத் தட்டி வாணலியில் போட்டால் வீடே மணக்கும், புகையும் மண்டும்.

"அக்கா, நீ இந்த வீட்ல என்ன பண்ற?"

"என்னடா கேள்வி இது? உனக்குக் கொட்டிக்க வடிச்சுப் போடறேன்."

"இல்லக்கா, நெஜமாவே கேக்கறேன். வந்ததுலேர்ந்து ஒவ்வொண்ணா என்ன பண்றேன்னு சொல்லு. இன்னிக்கு நீ வரல, கணப்பு அணையல."

ஓர்னெல்லா கரண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். "அப்போ நான்தான் சூனியக்காரியா? சரி, பாத்துக்க. கோட்டக் கழட்டறேன். கையக் கழுவறேன். வாணலிய வைக்கறேன். எக்ஸாஸ்ட் ஃபேனப் போடறேன்…"

மேடைக்கு மேலிருந்த எக்ஸாஸ்ட் விசிறி மூன்றாவது வேகத்தில் விமானம்போல இரையத் தொடங்கியது. அவள் எப்போதும் மூன்றில்தான் வைப்பாள். கொழுப்பு வாடை குழந்தையின் திரைச்சீலைகளில் ஏறக்கூடாதாம்.

ரெமிஜியோ கணப்பின் கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தான். ஒரு நிமிடம், தீ துள்ளியது. இரண்டாவது நிமிடத்தில் நாக்குகள் நீண்டன. மூன்றாவதில் மஞ்சள் சிவந்தது, நுனிகளில் கறுப்பு இழை ஓடியது. தூங்கி வழிந்துகொண்டு ஆடியது தீ.

"நிறுத்துக்கா! ஃபேன நிறுத்து!"

நிறுத்தினாள். தீ கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு குட்டையாகிக் குதிக்க ஆரம்பித்தது.

"போடு."

போட்டாள். தீ மறுபடி தொங்கியது.

"இப்ப நிறுத்தாத. அப்படியே இரு." அவன் எழுந்து ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தான்.

"டேய்! காத்து! மூடுடா, என் கழுத்து!" ஓர்னெல்லா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலைத் திறந்ததும் உள்ளே வந்த உறைகாற்றில், இரையும் விசிறிக்கு எதிரிலேயே, தீ வெளிர் மஞ்சளாக எழுந்து துள்ளியது. வீட்டைச் சூடாக்க ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. ரெமிஜியோவுக்கு இப்போது புரிந்தது. விசிறி வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. கணப்பும் உறிஞ்சுகிறது. மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள் ஒரு மூச்சுக்கூட உள்ளே விடாது. பெரிய விசிறி ஜெயிக்கிறது, சின்ன விசிறி தோற்கிறது. அவ்வளவுதான் விஷயம். பள்ளத்தாக்கில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. ஓர்னெல்லாவின் வயிற்றில் சர்ச் மணியே இருந்தது. கணப்பும் அந்த மணிக்குத்தான் அணைந்தது.

ஆனால் பிரசவத்துக்கு முன்னால் இலெனியாவும் இதே விசிறியைப் போட்டுத்தானே சமைத்தாள்? அப்போது அணையவில்லையே. அப்போது காற்று வந்த வழியில் இப்போது வரவில்லை.

அவன் சுவர் ஓரமாகத் தவழ்ந்தான். துளை இருக்க வேண்டிய இடத்தில் குழந்தையின் துணிகளுக்கென்று போன வாரம் வாங்கிய இழுப்பறைப் பெட்டி நின்றது. அதை இழுத்து நகர்த்தினான். வெளிப்பக்கம் அவன் பார்த்த வலை சுத்தமாகத்தான் இருந்தது. உள்பக்கம் துளையின் வாய்க்குள், பிளாஸ்டிக் பையில் சுருட்டி, ஓர்னெல்லாவின் கணவனுடைய இரண்டு கம்பளிக் காலுறைகள் கச்சிதமாக அடைக்கப்பட்டிருந்தன.

வாணலியில் பாஸ்தின் கருகியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அக்கா."

"என்ன அக்கா?" ஓர்னெல்லாவின் குரல் மேலே போனது. "போன வாரம் நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப அடைச்சேன். அதுக்கு நேரா பக்கத்து ரூம்ல தொட்டில். கதவத் திறந்தா நேரா கொழந்த கழுத்துலதான் வந்து அடிக்கும். கழுத்துல காத்து அடிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? பெருசுங்களுக்கே வாய் கோணிக்கும்! ரெண்டு கிலோ கொழந்தடா அது! எல்லா வீட்லயும்தான் அடைக்கறாங்க."

"எல்லா வீட்லயும் அடைக்கறாங்க. அதான் தூலியோவுக்குத் திங்கக்கெழம வரைக்கும் நேரமில்ல." அவன் துளையைக் காட்டினான். "செவ்வாக்கெழம புகை வாடை வந்துச்சே. கொழந்த இருக்கறப்ப வந்திருந்தா?"

ஓர்னெல்லா கரண்டியை மேடையில் வைத்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கண்கள் நிறைந்ததைப் பார்த்து அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"எனக்குத் தெரியாதுடா."

"எனக்கும்தான் தெரியல. நான் வேற அந்தப் பொட்டிய அது மேலயே தள்ளி வெச்சேன். தொட்டில எதிர்ச் சுவருக்கு மாத்திடலாம் அக்கா. காத்து படாது."

காலுறைகளை உருவி எடுத்ததும் துளைக்குள்ளிருந்து குளிர் நேராகப் பாய்ந்து அவன் கையைத் தொட்டது. இழுப்பறையை வேறு சுவருக்கு நகர்த்தினான். விசிறியை முதல் வேகத்தில் வைத்துப் பார்த்தான், தீ அசையவே இல்லை. மூன்றில் வைத்தான், லேசாகத் தலை சாய்ந்தது. துளை திறந்திருந்தாலும் மூன்று அதிகம்தான் என்று தெரிந்துகொண்டான். பிறகு பயத்தில் தான் மாற்றிய ஒவ்வொரு எண்ணையும் திருப்பி வைத்தான். வலுவை மட்டும் பழைய மூன்றுக்கும் கீழே, இரண்டுக்கு இறக்கினான். பெரிய தீயை ஏற்றி ஏற்றி நிறுத்துவதைவிடச் சின்னத் தீயை நிற்காமல் விடுவதுதான் இந்த வீட்டுக்குச் சரி. வேண்டிய சூடு வந்ததும் அணைந்து, குறைந்ததும் தானே பற்றிக்கொள்ளும் வசதியையும் நிறுத்தினான். அணைவதற்குப் பதிலாகக் கணப்பு இனி தன்னைத் தணித்துக்கொண்டு எரியும். கடிகாரத்தையும் சரியான மணிக்கு வைத்தான். போனில் கோடு இருபது புள்ளி ஆறு வரை ஒரு குழி விழுந்து, மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. ஒரு விரல் ஜன்னல் காற்றின் குழி. இருபதைத் தொடவில்லை.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு ஓர்னெல்லாவை வரச்சொல்லி, "பாஸ்தின் பொரி" என்றான்.

"பதினோரு மணிக்கா? இது சாப்பாட்டு நேரமா, பாலூட்டுற நேரமா? ஊர் சிரிக்கும்டா."

"நண்பகலுக்குப் பதிவு முடியுது. சமைக்கிறப்ப நிக்குதான்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும். பொரிக்கா."

பொரித்தாள். ரெமிஜியோ கணப்பின் முன் மண்டியிட்டு, நகம் கடித்தபடி, தீயையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். ஐந்து நிமிடம். பத்து. இருபது. மேடையில் கறி பொன்னிறமாகிவிட்டது, இரண்டாவது ஈடும் இறங்கியது. தீ துள்ளியது. கோடு நேராக நடந்தது.

பன்னிரண்டு அடித்ததும் பதிவை மருத்துவமனைக்கு அனுப்பினான். எட்டு நிமிடம் கழித்து போன் அடித்தது.

"நேத்து ராத்திரி ஒரு சின்னக் குழி இருக்கு," என்றாள் புரூனா.

"ஆமா சிஸ்டர். அதுக்கப்புறம் இல்ல."

"அதுக்கப்புறம் இல்லதான். செவ்வாக்கெழம ரெண்டு தடவ அணைஞ்ச வீடு இது. மூணு மணிக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, என்ன மாத்தினீங்கன்னு நான் தெரிஞ்சுக்கணும். ஒண்ணொண்ணா சொல்லுங்க."

ரெமிஜியோ விரல் விட்டு எண்ணிச் சொன்னான். "சுவத்துல காத்து வர்ற துளைய அடைச்சிருந்தத எடுத்துட்டேன். இனிமே அத யாரும் மூட மாட்டாங்க. தொட்டில் எதிர்ச் சுவர்ல, காத்து படாத எடத்துல இருக்கு. பெல்லட் அளவு கம்பெனி வெச்ச பூஜ்யத்துலயே இருக்கு. வலு ரெண்டு, சூடு இருபத்தொண்ணரை, கணப்பு அணையாம தணிஞ்சு எரியும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணுலதான் ஓடும்."